பதினெட்டாவது வரி

கணக்கு என் பொறுப்பு.
பதினோரு பேர், ஒரு வேன், மூன்று நாள்,
பதினேழு கட்டடங்கள்.
ஹ்ராயிர் தட்டச்சு செய்து தந்த தாளில் நான்கு கட்டங்கள்:
பெயர், ஆண்டு, கல், கட்டியவர்.

யெரெவானில் முதலில் தரைக்கு அடியில் போனோம்.
மெட்ரோ நிலையத்தின் சாய்ந்த குழாய்
மண்ணிலிருந்து தலைநீட்டி வெயில் குடித்துக்கொண்டிருந்தது.
"எனக்கும் இதற்கும் ஒரே வயசு" என்றான் பல் மருத்துவன் கரேன்.
"உன்னைவிட நன்றாக இருக்கிறது" என்றாள் அவன் மனைவி.
தினமும் அதன் வழியாகத்தான் வேலைக்குப் போகிறான்.
அன்றுதான் கழுத்தைத் திருப்பிப் பார்த்தான்.

எரிமலைச் சாம்பல் இறுகிய கல்,
காலையில் பன்றிக்குட்டிக் காதின் நிறம்,
சாயங்காலம்
பீட்ரூட் சாறு கொட்டிய மேஜைத்துணி.
அதன் தோளுக்குப் பின்னால்
எட்டி எட்டிப் பார்க்கும் கண்ணாடிக் கோபுரங்கள்.
விற்பனை அலுவலகத்துப் பெண்
நாங்கள் வீடு வாங்க வந்தவர்கள் என்று நம்பி
பதினோரு காப்பி கொடுத்தாள்.
(கணக்கில் சேரவில்லை.)
"இதற்கு, கல் என்ற இடத்தில் என்ன எழுதுவது?"
கேட்டவள் ஆர்பினே, மாணவி.
"கடன்" என்றார் ஹ்ராயிர்.
வேன் முழுக்கச் சிரித்தது.

கியும்ரியில் கல் கறுப்பு.
நாங்கள் போனபோது மழை நின்றிருந்ததால்
இன்னும் கறுப்பு.
தேவாலயத்தின் பக்கத்தில், விழுந்த இடத்திலேயே கிடக்கிறது
அதன் பழைய கூம்புக் கோபுரம்.
கழற்றிவைத்த தொப்பி போல என்று எழுத வந்தேன்.
கழற்றியது யார் என்று யோசித்ததும்
அந்த உவமையை விட்டுவிட்டேன்.

ஊரைத் தாண்டும் முன்
பின் இருக்கையிலிருந்து ஸாருஹி,
அதுவரை சூரியகாந்தி விதை கொறித்ததைத் தவிர
வாயைத் திறக்காதவள்,
"வார்ட்கெஸ், இங்கே ஒரு நிமிஷம்" என்றாள்.

மூன்று தகரக் கொட்டகை. ஒரு காட்டுப் பிளம் மரம்.
யாருடைய போர்வையோ கொடியில் காய்கிறது.
ஹ்ராயிர் தாளைப் பார்த்தார்.
"இங்கே ஒன்றும் இல்லையே."
"ஆமாம்" என்றாள்.

பிறகு கையை உயர்த்திக்
காற்றில் ஓர் இடத்தைக் காட்டினாள்.
"ஒன்பது மாடி. நாலாவது, இடப்பக்கம். அது சமையலறை.
கீழ் வீட்டுப் பால்கனியில் எப்போதும் ஒரு சைக்கிள்.
லிஃப்டில் ஆறாம் எண் பொத்தான் மட்டும் உருகியிருக்கும்,
பையன்கள் தீக்குச்சி வைத்தது.
அன்றைக்கு நான் ஊரில் இல்லை."

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
பதினோரு பேரும் அண்ணாந்து நின்றோம்.
சிட்டுக்குருவி ஒன்று சமையலறைக்குள் புகுந்து
கூடத்து வழியாக வெளியே போயிற்று.
ஆர்பினே மட்டும் படம் எடுத்தாள்.
அப்புறம் பார்த்தால்
வானமும் ஒரு மின்கம்பியும்.

"எந்த வருஷம் கட்டினது?" ஹ்ராயிர்தான் கேட்டார்.
"எழுபத்தொன்பது."
"எழுபத்தொன்பது" என்றார் அவரும்,
வரைபட அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவர்.
"அப்போது எங்கள்..."
என்று தொடங்கித்
தாளை நாலாக மடித்தார்,
பிறகு எட்டாக.

வனாட்சோரின் புகை வராத புகைபோக்கிகளுக்கும்
டிலிஜான் காட்டுக்கு மேலே தொங்கும்
வட்டக் கான்கிரீட் ஓய்வு விடுதிக்கும்
விளக்கம் சொல்ல ஆள் இல்லை.
இருக்கிற விவரத்தைக் கரேன் படித்தான்,
ஆண்டுகளைத் தப்பும் தவறுமாக.
யாரும் திருத்தவில்லை.
இரவு விடுதியில் ஸாருஹி எல்லோருக்கும் ஆப்பிள் நறுக்கினாள்.
ஹ்ராயிர் தட்டை வாங்கிக்கொண்டார்.
வெகுநேரம் தின்னவில்லை.

திரும்பி வந்ததும்
கணக்கோடு சேர்த்து வைக்கச் சொல்லித் தாளைத் தந்தார்.
மடிப்புகளில் எழுத்து உதிர்ந்திருந்தது.
பதினேழுக்குக் கீழே பென்சிலில்
வரைபடக்காரரின் நிமிர்ந்த எழுத்தில் இன்னொரு வரி.
பெயர்: காலி.
ஆண்டு: 1979.
கல்: கான்கிரீட், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.
கட்டியவர்:
'நாம்' என்று எழுதி அடித்து
'நாங்கள்'.

பெட்ரோல், தலைக்கு இரண்டாயிரத்து எண்ணூறு டிராம்.
ஸாருஹி சில்லறையாகத் தந்தாள்.
எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.